அஜண்டா நம்பர் பதினாலு

அத்தியாயம் ஐந்து

குளிர்மேடு நகரசபை ஆபீசில் ஒரு காகிதத்தைப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் மூன்று பேருடைய முகத்தைப் பார்த்தாக வேண்டும். மூன்றும் விளக்கெண்ணெய் குடித்த முகம். நான்காவதாக, மாடியில் ஃபைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கிளார்க் டிஜோ மட்டும் எழுந்து நின்று சிரித்தான். ஜின்சனுக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடிக்காமல் போய்விட்டது.

"கவர்மெண்ட் ஆபீஸ்ல சிரிச்ச மூஞ்சியப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது மேடம்," என்று பிரதீபாவின் காதில் கிசுகிசுத்தான்.

"கலக்குனா வராந்தாக் கோடியில போர்டு போட்டிருக்குது பாருங்க. போயிட்டு வாங்க. நான் அதுக்குள்ள வேலைய முடிச்சுடறன்," என்றாள் பிரதீபா.

ஜின்சன் வாயை மூடிக்கொண்டான். முப்பத்தொன்பது வயது, முன்வழுக்கை, இரண்டு பெண் குழந்தைகள். வண்டிப்பெரியாறு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதினைந்து வருஷம் ஜீப் ஓட்டி, நாலு வருஷமாகப் பிரதீபாவுக்கு உதவியாளன். வாய் மட்டும் பிறந்ததிலிருந்தே ஓவர்டைம். பிரதீபாவோ கொழிஞ்சாம்பாறைக்காரி. தென்னந்தோப்பும் கடலைக்காடுமாக இருந்த குடும்பத்தில் பிறந்து, பாலக்காட்டில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். எவனைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். அதனால் திட்டு வாங்கியவனுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

இந்த மலைக்கு அவர்களை வரவழைத்தவள் ஒன்பதாம் வார்டு கவுன்சிலர் லிஜி. கவுன்சிலர் என்றால் கார், கஞ்சி போட்ட சட்டை என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லயத்தில் குடியிருந்து, காலை எட்டு மணிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண். போன மாதக் கவுன்சில் கூட்டத்தில் பதினாலாவது அஜண்டாவாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. டவுன் குப்பை முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டிப் பிரிக்கிற கூடத்தை, அவள் வார்டு ஊற்றுக்கு நேர் மேலே கட்டுவது என்று. அறுபது வீடு குடிக்கிற ஊற்று அது. 'எனக்கும் என் வார்டு மக்களுக்கும் முழுச் சம்மதம்' என்று கவுன்சிலரே கடிதம் கொடுத்திருக்கிறாளாம்.

"மாதா மேல சத்தியமா நான் எழுதல. அன்னைக்கு நான் கூட்டத்துக்கே போகல," என்று போனில் அழுதாள் லிஜி.

இன்று மத்தியானம் மூன்று மணிக்கு வார்டு சபை. லயத்து ஜனங்கள் 'ஊத்த வித்துட்டா' என்று பேசிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் சபை முடிவதற்குள் கடிதம் பொய் என்று காட்டாவிட்டால், திங்கட்கிழமை மண் அள்ளும் இயந்திரம் ஏறிவிடும். லிஜி அந்த லயத்தில் தலைகாட்ட முடியாது.

டிஜோ கடிதத்தை மேஜைமேல் விரித்தான். "கையெழுத்து அவங்களோடதுதான் மேடம். சீலும் இருக்கு. சர்வே நம்பர், உட்பிரிவு வரைக்கும் கரெக்டா எழுதித் தந்திருக்காங்க. இதுல ஒரு சந்தேகமும் இல்ல."

லிஜியின் பெயர் அச்சடித்த லெட்டர்பேடு. மலையாளத்தில் பதினோரு வரி. பிரதீபா அதைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள்.

"ஜின்சன், எழுதினவருக்கு எடம் பத்துலீங்க. மேல பாருங்க, எறும்புச் சாரையாட்ட எழுத்து. கையெழுத்துக்குக் கீழ பாருங்க, அரைப் பக்கம் சும்மா கெடக்குது. இவ்வளவு எடம் வெச்சுக்கிட்டு எதுக்குங்க இப்படி இடுக்கி இடுக்கி எழுதோணும்?"

"இடுக்கி ஜில்லான்றதால இருக்கும் மேடம்."

"தூ," என்றாள் பிரதீபா. ஆனால் உதட்டோரம் சிரிப்பு. "கையெழுத்து மொதல்ல விழுந்திருக்குது. கடுதாசி பொறவு வந்திருக்குது. அந்தப் புள்ள வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டு யாருகிட்டயோ குடுத்திருக்கா."

பிறகு மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். இரண்டு பக்கம் புரட்டினாள். மூடிவைத்துவிட்டு, என்ன பார்த்தோம் என்று சொல்லாமல் படியிறங்கினாள். அவள் இப்படி வாயை மூடுகிற போதெல்லாம் யாருக்கோ கெட்ட நேரம் என்பது ஜின்சனுக்குத் தெரியும்.

*

ஜீப் மேல் டிவிஷனில் ஏறியபோது கொழுந்து நிறுவை நடந்துகொண்டிருந்தது. லிஜி கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்காமல் ஓடிவந்தாள்.

"வெத்துத் தாளா? ஆமா மேடம், சீலும் குத்திக் குடுத்தேன்," என்று உடனே ஒப்புக்கொண்டாள். "நான் காட்டுக்குள்ள நிக்கையில ஒருத்தருக்குப் பிள்ளைய ஸ்கூல்ல சேர்க்கணும், ஒருத்தருக்குப் பென்ஷன் வேணும். 'இன்னார் இந்த வார்டுல இருக்காரு'ன்னு கவுன்சிலர் லெட்டர் குடுத்தாத்தான் ஆபீஸ்ல ஏறெடுத்துப் பாப்பாக. அதும் மலையாளத்துல வேணும். தமிழ்ல குடுத்தா வாங்கி வைக்கிறோம்பாக. வச்சது வச்சதுதான்."

"எத்தன பேருகிட்டக் குடுத்தே கண்ணு?"

"ரெண்டு பேரு. மாதா கோயில் உபதேசியார் சுவக்கீன் மாமாகிட்டப் பத்து. பென்ஷன் லெட்டர் நீளமா இருக்கும்னு அதுல அடியில கையெழுத்துப் போட்டேன். அங்கன்வாடி டீச்சர் ஜெஸ்னாகிட்டப் பத்து. அது மூணு வரி லெட்டர்தான, நடுவுல போட்டேன்."

ஜின்சன் விரலைச் சொடுக்கினான். "நடுவுல! மேடம், டீச்சரத் தூக்கிருவோமா?"

"டீச்சரு என்ன கேஸ் சிலிண்டருங்களா, தூக்கறதுக்கு?" பிரதீபா தன் நோட்டில் மலையாளத்தில் விறுவிறுவென்று நாலு வரி எழுதி லிஜியிடம் நீட்டினாள். "நீ சொன்னத எழுதியிருக்கறன் கண்ணு. வாசிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடு."

லிஜி வரிவரியாகக் கண்ணை ஓட்டினாள். தலையை ஆட்டினாள். "சரியா இருக்கு மேடம்," என்று கையெழுத்துப் போட்டாள். பிரதீபா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தபோது முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

அங்கன்வாடியில் உப்புமா வாசனையும் குழந்தைகளின் கூச்சலும். ஜெஸ்னா விஷயத்தைக் கேட்டதும் வெலவெலத்துப் போனாள். சிறுபயறு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தாள். மிச்சம் மூன்று தாள். யாருக்கு எதற்கு எழுதிக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டு. அதில் ஆறு பெயர்.

"ஆறும் மூணும் ஒம்போது," என்றான் ஜின்சன். கணக்கில் அவன் ஒருகாலத்திலும் இவ்வளவு வேகமாக இருந்ததில்லை. "பத்தாவது தாளு சிறகு மொளச்சுப் பறந்துருச்சாக்கும்?"

"எனக்கு வந்ததே ஒம்போதுதாண்ணே! வேணும்னா வினோ அண்ணன்ட்டக் கேளுங்க. அவுகதான் கொண்டுவந்து குடுத்தாக," என்று டீச்சர் அழ ஆரம்பித்தாள். டீச்சர் அழுவதைப் பார்த்து ஏழெட்டுக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. சாட்சி விசாரணை அந்த மட்டில் கலைந்தது.

"பாசாங்கு மேடம்," என்றான் ஜின்சன் ஜீப்பில் ஏறியதும். "பத்து வாங்கிட்டு ஒம்போதுங்கிறா."

"வினோங்கறது யாருங்க?"

"லிஜி வீட்டுக்காரன். எஸ்டேட் ஜீப் ஓட்டுனவன், என் சிநேகிதன். தங்கமான பய."

"உங்க சிநேகிதருன்னா சந்தேகப்பட வேண்டியதுதான்," என்றாள் பிரதீபா. "லயத்துக்கு வண்டிய உடுங்க. லிஜி சோத்துக்கு வந்திருப்பா. எனக்குப் போன மாச அஜண்டாவப் பாக்கோணும்."

*

லயத்து வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஜின்சன் குனிந்து உள்ளே நுழையப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். கொடியில் ஒரு காக்கிச் சட்டை. சாயம் போகாத புதுக் காக்கி. இன்னும் இரண்டாவது தடவை தண்ணீரில் நனையாதது.

ஜீப்காரன் கண்ணுக்கு டிரைவர் சட்டை தப்பாது. எஸ்டேட் ஜீப் நின்று ஒரு வருஷமாகிறது. வேலையில்லாத டிரைவர் எதற்குப் புதுக் காக்கி தைக்கிறான்? வினோ ஜின்சனுக்குச் சிநேகிதன். முதல் பெண் பிறந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக ஜின்சனின் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவன்.

"வாடா ஜின்சா! வாங்க மேடம்! கட்டன்சாயா போடட்டா?" என்று வினோ அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தான். அதே வெள்ளந்திச் சிரிப்பு. பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்று இருப்பான் எப்போதும்.

டிவிக்கு மேலே அஜண்டாத் தாள்கள் மாதவாரியாக அடுக்கியிருந்தன. பிரதீபா போன மாதத்தாளை உருவினாள். பதினேழு விஷயம், எல்லாம் மலையாளத்தில் டைப் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் தமிழில் ஒரு குறிப்பு.

"இந்தப் பென்சில் எழுத்து உன்றதா கண்ணு?"

"ஆமா மேடம்." லிஜி சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

பிரதீபா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். "ஒண்ணு, தெருவிளக்கு. சரி. ரெண்டு, பஸ் ஸ்டாண்டு கக்கூசு. சரி. மூணு, நாய்க்கு ஊசி. சரி..." பதின்மூன்று வரைக்கும் சரி, சரி என்றே வந்தது. பதினாலில் நின்றாள். "ஒன்பதாம் வார்டில் மாலின்ய சேகரண கேந்திரம்னு டைப்புல இருக்குது. குப்பைக் கூடம். நீ பென்சில்ல என்ன எழுதியிருக்கறே? 'பிள்ளைகள் விளையாட்டு இடம். நம்ம வார்டு. கை தூக்கணும்.'"

அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது.

பிரதீபா பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். "காத்தால நீ வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டயே, அதுல நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'ஜின்சனோட ஜீப்ப மாட்டுப்பட்டிப் பண்ணைக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு ஒரு செனப் பசு வாங்கிக்கச் சம்மதம்.'"

"என் ஜீப்பா?" என்று பதறினான் ஜின்சன். அப்புறம்தான் அவனுக்கு விஷயம் புரிந்தது. லிஜிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.

லிஜி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பத்தாவது வரைக்கும் தமிழ்லதான் படிச்சேன். மலையாளம் பேசுவேன், கூட்டத்துல சண்டையே போடுவேன். எழுத்துதான் வராது. கூட்டத்துல பாதி விசயத்துக்கு நம்பர மட்டும் சொல்லிக் கை தூக்கச் சொல்லிருவாக. கவுன்சிலருக்கு அஜண்டா வாசிக்கத் தெரியாதுன்னா ஊரே சிரிக்காதா மேடம்? அதான் கூட்டத்துக்குப் போகலைன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"மினிட்ஸ்ல பாத்துட்டன் கண்ணு. ஆஜர் பட்டியல்ல உன்ற பேரு இருக்குது. பதினாலுக்கு எல்லாரும் கை தூக்குனீங்கன்னும் இருக்குது. கடுதாசி வெறும் ஒப்புக்கு. அந்தக் குழிய வெட்டுனது உன்ற கைதான். பிடிச்சு வெட்ட வெச்சது வேற ஆளு." பிரதீபா குரலை உயர்த்தவில்லை. ஆனால் அடுப்படிக்குக் கேட்கும்படி சொன்னாள். "அஜண்டாவ வாசிச்சுச் சொல்ற ஆளுக்கு மலையாளம் அரைகுறையா இருந்தா நாலஞ்சு தப்பு வந்திருக்கோணும். பதினேழுல பதினாறு சுத்தமாச் சரி. ஒண்ணே ஒண்ணு தப்பு. தெரியாம வர்ற தப்பு ஒத்தையா வராதுங்க. பத்துத் தாளக் கொண்டுபோயி ஒம்போதக் குடுத்த ஆளும், இத வாசிச்ச ஆளும் ஒருத்தர்தானுங்களே?"

வினோ கையில் மூன்று கிளாசோடு வாசற்படியில் நின்றான். கிளாசுகளை அப்படியே தரையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான்.

"ஏ வினோ!" என்று ஜின்சன் எழுந்தான். வேலியே பயிரை மேய்கிறது என்பார்கள், இவன் வேலியையும் சேர்த்தல்லவா மேய்ந்திருக்கிறான்!

"விடுங்கண்ணே," என்றாள் லிஜி. அவள் அழவில்லை. அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும் மேடம். வீட்டுல வாசிக்கத் தெரிஞ்ச ஆளு அவுக ஒருத்தருதான? நீங்க வந்து, 'இது வேற யாரோ செஞ்சது'ன்னு சொல்லிருவீகன்னுதான் உங்களக் கூப்பிட்டேன்."

சுவரில் மணி இரண்டே கால்.

*

மூன்று மணிக்கு எஸ்டேட் கிளப் ஹாலில் கால் வைக்க இடமில்லை. மேடையில் ஒரு மேஜை, ஒரு மைக். நகரசபை சார்பில் சபை நடவடிக்கையை எழுத வந்திருந்தவன் கிளார்க் டிஜோ. அதே சிரிப்பு. பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தான்.

முதலில் எழுந்தவர் உபதேசியார் சுவக்கீன். "கோயில்ல நிக்கிற மாதிரி இங்கயும் நெசம் பேசணும். ஊத்த எதுக்கும்மா குடுத்த? அந்த லெட்டர் நீ எழுதுனதா இல்லையா? ஒரே வார்த்த சொல்லு!"

ஹால் இரைந்தது. 'எவ்வளவுக்கு வித்த?' என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். ஜின்சன் கடைசி வரிசையில் பார்த்தான். தூணோரம் வினோ. அவன் ஓடிப்போகவில்லை. ஜின்சன் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டான், காவலா துணையா என்று அவனுக்கே தெரியாமல்.

லிஜி மைக்கைப் பிடித்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். 'கையெழுத்து என்னுடையது இல்லை' என்று ஒரே பொய், புருஷனும் தப்பித்தான், மானமும் தப்பித்தது. ஆனால் கையெழுத்து உண்மை என்று டிஜோ நிரூபித்துவிடுவான், ஊற்று போய்விடும்.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது," என்றாள் லிஜி.

ஹால் அடங்கியது.

"ரெண்டு வருசமா ஒவ்வொரு மாசமும் அஜண்டாவ வேற ஆளு வாசிச்சுச் சொல்லித்தான் நான் கூட்டத்துக்குப் போறேன். வெக்கத்துல உங்ககிட்ட மறைச்சேன். என் தப்பு. பதினாலாவது விசயம் விளையாட்டு எடம்னு சொன்னாக, நம்பிக் கை தூக்குனேன். லெட்டரு, நான் கையெழுத்துப் போட்டு வச்ச வெத்துத் தாள்ல எழுதுனது. எழுதுனது..." ஒரு மூச்சு விட்டாள். "எழுதுனது என் வீட்டுக்காரரு."

அறுபது வீட்டு ஜனமும் தூணைத் திரும்பிப் பார்த்தது. அடிக்கப் பாய்ந்த இரண்டு பேரை ஜின்சன் நெஞ்சால் மறித்தான். "கையக் கீழ போடு! ஆளு பேசட்டும்! அடிக்கிறதுனா கடைசில க்யூல நின்னு அடிச்சுக்கலாம், நான் முதல் ஆளு!"

"சொல்லுங்க," என்றாள் லிஜி மைக்கில். முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்தாள். "லெட்டர்ல சர்வே நம்பர் வரைக்கும் இருக்காம். நம்ம லயத்துல ஒரு ஆளுக்கு ஊத்தோட சர்வே நம்பர் தெரியுமா? ஊத்துன்னா ஊத்து, அவ்வளவுதான். உங்களுக்கு அந்த நம்பரச் சொல்லி எழுத வச்சது யாரு?"

பிரதீபா ஜின்சனின் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். "இது நான் சொல்லிக் குடுக்காத கேள்விங்க."

தூணில் சாய்ந்திருந்த வினோ நிமிர்ந்தான். "குப்பை வண்டிக்கு டிரைவர் போஸ்ட் வருது, உனக்குத்தான்னாக. சட்டை தச்சுக்கோன்னாக. ஊத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் சொன்னாக." கையைத் தூக்கினான். விரல் மேடைமேல் நின்றது. "வரிவரியாச் சொல்லி எழுத வச்சது, அந்தா உக்காந்து எழுதுறாரே, அவரு."

டிஜோவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. இறங்கத்தான் வழி தெரியவில்லை. "இதெல்லாம் மினிட்ஸ்ல ஏத்த முடியாது. விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லாதது," என்று புத்தகத்தை மூடினான்.

லிஜி அந்தப் புத்தகத்தை அவன் கைக்கு அடியிலிருந்து இழுத்தாள். "ஏறும். ஜெஸ்னா, இங்க வா. இந்தச் சபையில பேசுனது பூராத்தையும் நீ எழுது. இவரு பேரையும் எழுது."

"நீங்க எங்கீங்க கெளம்பறீங்க?" என்று எழுந்த டிஜோவின் தோளில், அதற்குள் மேடையேறிவிட்ட பிரதீபா கையை வைத்தாள். "உங்களுக்குச் சொல்லிக் குடுத்த பெரிய ஆளு யாருன்னு நாம சித்த பேசோணுமுங்க. உக்காருங்க."

கூடம் வேண்டாம், தீர்மானத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சபை முடிவு செய்தபோது தூக்காத கை ஒன்றும் இல்லை. தூணோரக் கையும் தூக்கியிருந்தது. ஜெஸ்னா எழுதியதை உரக்க இரண்டு மொழியிலும் வாசித்தாள். சுவக்கீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு தடவை வாசித்தார். அதற்குப் பிறகுதான் லிஜி கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை இயந்திரம் ஏறாது.

கூட்டம் கலைந்த பிறகு வினோ படிக்கட்டில் ஒதுங்கி நின்றான். பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"நான்... வீட்டுக்கு வரலாமா லிஜி?"

லிஜி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "வாங்க. பிள்ளைக ஸ்கூல் விட்டு வந்துரும். சோறும் இருக்கு." இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். "ஆனா இனிமே எனக்கு எதையும் வாசிச்சுக் காட்டாதீக. மருந்துச் சீட்டக் கூட."